மேலிருந்து வந்த ஈரம்: ரோஸ்லின் சிற்றாலயத்தைக் காயவைத்த 13 ஆண்டுகள்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 11 கிலோமீட்டரில் ரோஸ்லின் என்றொரு சிற்றூர். ஊரின் ஓரத்தில், வடக்கு எஸ்க் ஆறு ஓடும் பள்ளத்தாக்குக்கு மேலே, 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சிற்றாலயம் நிற்கிறது. ஒரு பிரபுக் குடும்பம், தன் முன்னோர்களுக்காகவும் வாரிசுகளுக்காகவும் இடைவிடாமல் பிரார்த்தனை நடக்க வேண்டும் என்று சொந்தச் செலவில் எழுப்பியது. இன்றும் அது அந்தக் குடும்பத்தின் சொத்துதான்.

1997-ல் இந்தக் கட்டடத்துக்கு மேலே ஒரு பெரிய எஃகுப் பந்தல் போட்டார்கள். 2010 வரை அது அப்படியே இருந்தது. ஏன் போட்டார்கள், அதற்குக் கீழே என்ன நடந்தது, பிரித்த பிறகு எது சரியானது, எது சரியாகாமல் நின்றது என்பதை வரிசையாக எழுதுகிறேன். பழைய கல் கட்டடங்களில் வேலை பார்க்கும் யாருக்கும் இது உதவும். இங்கே சிக்கலை உண்டாக்கியதும் பராமரிப்பு வேலைதான், தீர்த்ததும் பராமரிப்பு வேலைதான்.

பின்னணி

சிற்றாலயத்துக்கு அடித்தளம் இட்டது 1446-ல். கட்டியவர் ஆர்க்னி பிரபுவான வில்லியம் சின்க்ளேர். சிலுவை வடிவில் ஒரு பெரிய ஆலயமும் நடுவே கோபுரமும் அவருடைய திட்டம். ஏறக்குறைய 40 ஆண்டுகள் வேலை நடந்தும் கிழக்குப் பகுதி மட்டுமே எழுந்தது. 1484-ல் அவர் இறந்தார். மகன் ஆலிவர் அந்தப் பகுதிக்குக் கல் கூரை போட்டு முடித்ததோடு வேலையை நிறுத்திக்கொண்டார். மேற்கே ஒரு வெற்றுச் சுவர் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கிறது. தொடங்கி நின்றுபோன குறுக்குப் பகுதியின் சுவர் அது.

ஆக இன்று நாம் பார்ப்பது சுமார் 21 மீட்டர் நீளமே உள்ள ஒரு சின்னக் கட்டடம். ஆனால் உள்ளே சும்மா விட்ட இடம் மிகக் குறைவு. தூண் தலைகள், உத்தரக்கற்கள், வளைவுகள், விட்டங்கள் எல்லாம் செதுக்கல். வாயிலிருந்து கொடி விடும் ‘பச்சை மனிதன்’ முகங்கள் மட்டும் 100-க்கு மேல். தென்கிழக்கு மூலையில் ‘சீடன் தூண்’ என்று அழைக்கப்படும் தூணின் அடியில் எட்டு டிராகன்கள் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றின் வாயிலிருந்து கிளம்பும் கொடிகள் தூணைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. கூரையின் உள்பக்கம் ஐந்து பாகங்கள். நான்கில் பூ வகைகள், ஒன்றில் நட்சத்திரங்கள்.

இந்தக் கூரையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், மீதிக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஐரோப்பிய ஆலயங்களில் கல் வளைவுக்கு மேலே மரச்சட்டமும் ஓடும் கொண்ட இரண்டாவது கூரை ஒன்று இருக்கும். மழை அதன் மேல் விழும், உள்வளைவு நனையாது. ரோஸ்லினில் அந்த இரண்டாவது கூரை கிடையாது. உள்ளே பூவும் நட்சத்திரமும் செதுக்கியிருக்கும் அதே கல் வளைவின் முதுகுதான் மழையை நேராக வாங்குகிறது. கல்லோ மணற்கல், நீரை உறிஞ்சும் வகை.

1571-ல் மதச் சீர்திருத்தத்தின் நெருக்கடியில் குருமார்கள் மானியங்களை விட்டுக்கொடுத்து விலகினார்கள். 1592-ல் பீடங்களை இடித்தார்கள். 1650-ல் இங்கிலாந்தின் குரோம்வெல் படையினர் பக்கத்துக் கோட்டையைத் தாக்கியபோது சிற்றாலயத்தைக் குதிரை லாயமாக்கினார்கள். 1688-ல் ஒரு கூட்டம் புகுந்து உடைத்தது. 1914-ல் பெண்களின் வாக்குரிமைப் போராட்டக்காரர்கள் வைத்த குண்டுகூட வெடித்தது. இத்தனைக்குப் பிறகும் செதுக்கல்களில் பெரும்பகுதி தப்பித்தது. கைவிடப்பட்ட காலம் நீண்டது, அவ்வளவுதான்.

முன்பு செய்த பழுதுபார்ப்புகள்

1736-ல் அன்றைய உரிமையாளர் சன்னல்களுக்கு முதன்முறையாகக் கண்ணாடி போட்டார், தரையில் கல் பதித்தார், கூரையைப் பழுதுபார்த்தார். என்றாலும் ஈரம் நிற்கவில்லை. 1803-ல் இங்கே வந்த டோரதி வேர்ட்ஸ்வொர்த் (ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் சகோதரி), தூண் தலை ஒன்றில் செதுக்கிய இலைகளுக்கு நடுவே நிஜமான பெரணிச் செடி முளைத்திருந்ததையும், எது செடி, எது கல் என்று முதலில் தெரியவில்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். அவர் அதை அழகாகக் கண்டார், அழகுதான். ஆனால் பழுதுபார்ப்பவர் கண்ணுக்கு அது வேறு செய்தி சொல்கிறது: கூரைக்கு உள்ளே, தரையிலிருந்து பல அடி உயரத்தில், பெரணி உயிர்வாழும் அளவுக்குக் கல்லில் நிரந்தரமாக நீர் இருந்திருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் அந்த உயரத்துக்குப் போகாது. அது மேலிருந்து வந்த நீர்.

1842-ல் விக்டோரியா மகாராணி வந்து பார்த்து, இதைக் காப்பாற்ற வேண்டும் என்றார். அதன்பின் சீரமைப்பு நடந்தது. 1862-ல் வழிபாடு மறுபடி தொடங்கியது. வண்ணக் கண்ணாடிகள் வந்தன. 1880-களின் தொடக்கத்தில் மேற்குப் பக்கம் ஞானஸ்நான அறை சேர்ந்தது. 1915-ல் கூரையின் முதுகுக்கு அஸ்பால்ட் என்ற தார்ப் பூச்சைப் பூசினார்கள். ஒழுகலை நிறுத்த அன்று கைக்குக் கிடைத்த பொருள் அது. புதிதாக இருக்கும்வரை நன்றாகவே தடுக்கும். வெயிலிலும் குளிரிலும் விரிசல் விட்டதும், அதே பூச்சு உள்ளே போன நீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

1950-களில் அரசின் பொதுப்பணித் துறை உள்பக்கத்தைக் கையில் எடுத்தது. செதுக்கல் முழுக்கப் பச்சைப் பாசி. அதைத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு கல் மேலும் உதிராமல் இருக்கட்டும் என்று உள்பரப்பு முழுவதிலும் சிமெண்ட் பால் பூசினார்கள். தூண், பூ, முகம், டிராகன் எதையும் விடவில்லை. அக்கறை இல்லாமல் செய்த வேலை என்று இதைச் சொல்ல முடியாது. உதிரும் கல்லைக் கண்ணெதிரே பார்த்தவர்கள், அன்று உறுதியானது என்று உலகமே நம்பிய பொருளை எடுத்தார்கள். பாசி போனது. ஆனால் மணற்கல்லின் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம் சாம்பலாகிவிட்டது. நுணுக்கமான செதுக்குக் கோடுகள் பூச்சுக்கு அடியில் மழுங்கின.

கண்டது என்ன

1990-களில் நிலைமையைக் கூர்ந்து பார்த்தபோது நிலவரம் இதுதான்: கூரைக் கல் நீரில் ஊறிக் கிடந்தது. உள்ளே காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். பாசி திரும்பி வந்திருந்தது.

ஈரத்தின் பாதையைப் பின்தொடர்ந்தால் காரணம் விளங்கிவிடும். மழை நீர், விரிசல் விட்ட கூரை உறை வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் கல்லுக்குள் இறங்குகிறது. கல்லுக்குள் போன நீர் ஏதாவது ஒரு பக்கமாக ஆவியாகி வெளியேற வேண்டும். வெளிப்பக்கம் அஸ்பால்ட், போக முடியாது. உள்பக்கம் சிமெண்ட் தோல், அங்கும் எளிதில் போக முடியாது. எனவே நீர் நடுவிலேயே தேங்குகிறது. தேங்கிய நீர் கல்லில் உள்ள உப்பைக் கரைத்து, போக வழி தேடி, உள்பரப்பை நோக்கி நகர்கிறது. சிமெண்ட் தோலுக்குச் சற்றுப் பின்னால் உப்பு பூக்கிறது. பூக்கும் உப்பு கல்லின் மணிகளைப் பிரிக்கிறது. பார்ப்பவருக்குப் பூச்சு உறுதியாகத்தான் தெரியும். அதன் பின்னால் கல் பொடியாகிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் உறைந்து விரியும் நீரும் தன் பங்குக்கு வேலை செய்யும்.

சுண்ணாம்புக் கலவையாக இருந்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. சுண்ணாம்பு நீராவியை விடும். கல்லைவிட மென்மையானது என்பதால், கெட்டுப்போனாலும் முதலில் தான் கெடும், கல்லைக் காக்கும். சிமெண்ட் இதற்கு நேர்மாறு.

முடிவும் காரணமும்

1995-ல் சிற்றாலயத்தைப் பராமரிக்கவும் மக்களுக்குத் திறந்துவைக்கவும் ஓர் அறக்கட்டளை அமைந்தது. அதன் பொறுப்பில் வந்த முதல் பெரிய முடிவுதான் அந்தப் பந்தல். தனித்து நிற்கும் எஃகுச் சட்டம், மேலே கூரை. எடை எதுவும் சிற்றாலயத்தின் சுவரில் இறங்கவில்லை. பழைய கல்லில் ஆணியோ துளையோ தேவைப்படவில்லை. நோக்கம் ஒன்றுதான்: மழையை நிறுத்திவிட்டு, கூரைக் கல்லை வெளிப்பக்கமாகக் காயவிடுவது. செதுக்கிய உள்பரப்பிலிருந்து விலகி, எதிர்த் திசையில் ஈரம் போக வேண்டும்.

மற்ற வழிகளையும் எடுத்துப் பார்த்தால் இந்த முடிவின் சிறப்பு விளங்கும். உடனே புதுக் கூரை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் மேலே ஈயத் தகடு, கீழே சிமெண்ட், நடுவில் பல பத்தாண்டு ஈரம் என்று பூட்டிவைத்ததாக ஆகியிருக்கும். சிமெண்ட் பாலை முதலில் உரித்திருக்கலாம். ஆனால் அது கல்லின் மேல்தோலோடு பிணைந்துவிட்ட பொருள். உரிக்கும்போது செதுக்கலும் சேர்ந்து வரும். ஊறிப்போன கல்லில் அது இன்னும் மோசம். உள்ளே சூடேற்றி வேகமாகக் காயவைத்திருக்கலாம். அப்போது நீர் சூடான பக்கத்தை, அதாவது செதுக்கல் இருக்கும் பக்கத்தை நோக்கி வரும், உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். நேரத்தைத் தவிர வேறெதையும் செலவழிக்காத வழி பந்தல் ஒன்றுதான்.

அந்த முடிவை எடுப்பது எளிதல்ல. நன்கொடை கொடுப்பவர்கள் வேலை நடப்பதைப் பார்க்க விரும்புவார்கள். வந்து பார்ப்பவர்கள் படத்தில் கண்ட கட்டடத்தைப் பார்க்க விரும்புவார்கள். அவர்கள் கண்ணில் பட்டதோ இரும்புக் கொட்டகை. ஒன்றுமே செய்யாமல் இருப்பதுபோல் வெளியே தோன்றும் ஒரு வேலைக்குப் பணம் கேட்டு, ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க ஒரு நிர்வாகத்துக்கு உறுதி வேண்டும். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது அந்த உறுதியைத்தான்.

பந்தலுக்குக் கீழே

பந்தலோடு சேர்த்து மேலே ஒரு நடைபாதையும் அமைத்தார்கள். வழக்கமாகத் தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய, சுவர் உச்சியில் நிற்கும் சிறு முனைக்கோபுரங்களையும் கூரையின் முதுகையும் பார்வையாளர்கள் பக்கத்திலேயே நின்று பார்க்க முடிந்தது. தொல்லையாகத் தோன்றிய அமைப்பே அந்த ஆண்டுகளில் தனி ஈர்ப்பாகிவிட்டது. பராமரிப்பை மறைக்காமல் காட்டினால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அதோடு, கல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அவர்களே கண்ணால் பார்த்தார்கள்.

அப்புறம், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. 2003-ல் வெளிவந்து உலகமெங்கும் விற்ற ஒரு மர்ம நாவலின் இறுதிப் பகுதி இந்தச் சிற்றாலயத்தில் நடப்பதாக இருந்தது. 2006-ல் அதன் திரைப்படமும் வந்தது. முன்பு ஆண்டுக்குச் சில பத்தாயிரம் பேர் வந்த இடத்தில், 2006-ஐ ஒட்டிய ஓராண்டில் 1,70,000-க்கு மேற்பட்டோர் வந்தார்கள். 21 மீட்டர் நீளக் கட்டடம் இது. நுழைவுச்சீட்டு வருமானம் சீரமைப்புக்குக் கைகொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் காயவைக்கிற கட்டடத்துக்குள் மூச்சும் நனைந்த கோட்டுமாகக் கூட்டம் நிறைவது ஈரக்கணக்கில் சேரத்தானே செய்யும். 2008-ல் உள்ளே புகைப்படம் எடுப்பதைத் தடை செய்தார்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்கிறவர்கள் நிறைந்த, படிக்கட்டும் மேடுபள்ளமான தரையும் உள்ள இடத்தில் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கூட்டமும் சீராக நகர்ந்தது.

முனைக்கோபுரத்தில் இருந்தது

2010-ஐ ஒட்டி, நிலைகுலைந்திருந்த முனைக்கோபுரங்களைப் பிரித்து மறுபடி கட்டும் வேலை நடந்தபோது, கல்லுக்குள் ஒரு குழிவு தெரிந்தது. ஏறக்குறைய ஒரு கேஸ் சிலிண்டர் அளவு. வெளியே செதுக்கிய ஒரு கல் பூவின் நடுவில் சிறு துளை, அந்தத் துளை வழியாக உள்ளே பாதை. உள்ளே பழைய தேன்கூட்டின் எச்சம். கட்டியவர்கள் தேனீக்களுக்கென்றே அந்த அறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். தேன் எடுக்க மனிதக் கை போக வழியில்லை. தேனீக்களுக்கு வீடு கொடுப்பதைத் தவிர அதனால் வேறு பயன் தெரியவில்லை. இன்னொரு முனைக்கோபுரத்திலும் அதேபோல ஒரு குழிவு கிடைத்தது, அதற்கு வெளித்துளை இல்லை.

குடியிருந்த தேனீக்கள், பந்தல் போட்டு மூடியபோது இடத்தை விட்டுப் போய்விட்டன. சுமார் 550 ஆண்டு பழைய ஓர் ஏற்பாடு. பிரித்துப் பார்க்கும்வரை அது வேண்டுமென்றே செய்த வேலை என்று ஒருவருக்கும் தெரியாது.

இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே பத்திரிகைகள் எழுதின. எனக்கு இது அந்தக் கட்டடத்தைப் பற்றிய மிக முக்கியமான சான்றுகளில் ஒன்று. தரையிலிருந்து யாரும் பார்க்க முடியாத உயரத்தில், ஒரு பூவின் நடுத்துளைக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு. உள்ளே தூண்களில் காட்டிய அதே சிரத்தை, யாரும் பார்க்காத இடத்திலும் இருந்திருக்கிறது. பிரித்த முனைக்கோபுரங்களை மறுபடி கட்டும்போது குழிவுகளைக் காப்பாற்றினார்கள். அவசரத்தில் கல்லை மாற்றி, உள்ளே கலவை நிரப்பி மூடியிருந்தால் இந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திருக்காது.

விளைவு

கல் போதுமான அளவு காய்ந்த பிறகு கூரைக்கு ஈயத் தகடு போட்டார்கள். 2010-ல் பந்தலைப் பிரித்தார்கள். 13 ஆண்டுகளுக்குப் பிறகு சிற்றாலயம் வெட்டவெளியில் தெரிந்தது. கல் வேலை, வண்ணக் கண்ணாடிகளின் சீரமைப்பு, புதிய பார்வையாளர் மையம் எல்லாம் சேர்ந்த திட்டம் 2013-ல் நிறைவடைந்தது. செலவு ஏறக்குறைய 1.3 கோடி பவுண்ட். பொது நிதி, நன்கொடை, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்ந்து அந்தச் செலவைத் தாங்கின.

வழிபாடு தொடர்ந்து நடக்கிறது. குடும்பச் சிற்றாலயமாகத் தொடங்கியது இன்று ஊராரின் ஞாயிறு வழிபாட்டிடமாகவும் இருக்கிறது.

ஆனால் முழுமையாகத் தீர்ந்தது என்று எழுத முடியாது. 1950-களின் சிமெண்ட் பால் பெரும்பாலும் இன்றும் உள்ளே இருக்கிறது. இப்போது மேலிருந்து நீர் வராததால் அதன் பின்னால் உப்பு தள்ளும் வேகம் குறைந்திருக்கிறது. அவ்வளவு தூரம்தான் கொண்டுவர முடிந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசை முக்கியம். 1950-களில் உள்பரப்பைத் தொடுவதற்கு முன் கூரையைச் சரிசெய்து சில ஆண்டுகள் விட்டிருந்தால், பாசி பெரும்பாலும் தானாகவே காய்ந்து போயிருக்கும். பாசி கல்லைத் தின்பதைவிட, ஈரம் இருப்பதைச் சொல்லும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. அதைத் துடைத்ததில் அடையாளம் போனது, ஈரம் அப்படியே இருந்தது.

பூச்சு எதையும் முதலில் ஒரு மூலையில், செதுக்கல் இல்லாத இடத்தில் பூசி, இரண்டு மூன்று குளிர்காலம் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல், சீடன் தூணில் எதையும் வைக்கக் கூடாது. பந்தலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பிரித்து எடுத்த நாளில் கட்டடத்தில் அதன் சுவடே இல்லை.

பந்தலிலும் ஒரு குறை உண்டு. மூடுவதற்கு முன் அங்கே என்ன வாழ்கிறது என்று ஓர் ஆண்டு முழுக்கக் கவனித்திருக்கலாம். பழைய கட்டடங்களில் வௌவால், பறவை, தேனீ எல்லாம் குடியிருக்கும். எந்தத் துளை வழியாக எது போய்வருகிறது என்று எழுதி வைத்திருந்தால், அந்தப் பூவுக்குப் பின்னால் இருந்த அறை 13 ஆண்டுகள் முன்பே தெரிந்திருக்கும். தேனீக்களுக்கும் ஒரு வழி விட்டிருக்கலாம்.

கூட்டத்துக்கு வரம்பு வைப்பதையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். நாவல் வருமென்று யாரும் கணித்திருக்க முடியாது, சரி. ஆனாலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்பதை ஈரப்பத அளவீட்டோடு இணைத்து முதல் நாளிலேயே எழுதி வைத்தால், கூட்டம் வரும் அன்று வாக்குவாதம் இருக்காது.

மீதமிருக்கும் சாம்பல் பூச்சைப் பற்றி என் கருத்து இது. இன்று இருக்கும் முறைகளில் அதை எடுக்க முயல வேண்டாம். பிற்காலத்தில் கல்லின் மேல்தோலைப் பறிக்காமல் சிமெண்டை மட்டும் பிரிக்கும் வழி வரலாம். வந்தால், செதுக்கல் இல்லாத மூலையில் தொடங்கி, சில குளிர்காலம் காத்திருந்து பார்க்கட்டும். அதுவரை பூச்சு அங்கேயே இருக்கட்டும்.